நெருங்கிய உறவினர்

பிப்ரவரி 3

தங்கச்சிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. அம்மாவுக்குப் பிறகு நம் குடும்பத்தில் மிச்சம் நாம் மூன்று பேர்தான். மூன்று பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். போனில் கூப்பிட்டிருப்பேன். ஆனால் என் நம்பரை நீ அடைத்து வைத்திருக்கிறாய். அதுவும் போக, உன் குரலைக் கேட்டால் எனக்குப் பிரஷர் ஏறும். கடிதம்தான் இரண்டு பேருக்கும் நல்லது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா விட்டுப்போன வீட்டில் நான் நடத்தும் இல்லம் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. மனவளர்ச்சி இல்லாத பெரிய ஆட்களுக்கான இல்லம் அது என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? பெற்றவர்கள் போனபின் கூடப்பிறந்தவர்கள் கைகழுவிவிட்ட ஆட்கள். (உனக்குத் தெரியாததா!) மாதாமாதம் கொடுத்துவந்த மில் முதலாளி போன வருஷம் போய்ச் சேர்ந்தார். மகனிடம் போய் நின்றேன். "அப்பாவோட தர்மம் அப்பாவோடயே போச்சும்மா, எனக்கு வேற செலவு இருக்கு" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டான்.

அரசாங்க மானியத்துக்கு இரண்டு தடவை எழுதிப் போட்டேன். இரண்டு தடவையும் போன மச்சான் திரும்பி வந்தான் என்று வந்து நிற்கிறது. நேற்று கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் டாக்டர் சொன்னார்: "இதுக்குன்னே ஆலோசகருங்க இருக்காங்கம்மா. உங்க தங்கச்சிகிட்டதான் எல்லாரும் க்யூவில நிக்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை கேட்டா என்ன?" எங்கள் பொருளாளருக்குப் பூட்டு என்று பெயர் வைத்திருக்கிறேன், வாயும் திறக்காது, பெட்டியும் திறக்காது. அந்த மனிதரே சிரித்துவிட்டார்.

அதனால் கேட்கிறேன். காலில் விழவில்லை, கேட்கிறேன், அவ்வளவுதான். பழைய விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு நேரமில்லை என்றால் இல்லை என்று எழுதிவிடு. அதற்கும் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளாதே.

தம்பி நன்றாக இருக்கிறான். நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். துணி துவைக்கிற மெஷினின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். "இது டாக்டர் கோட்டு, இது தாத்தா போர்வை" என்று உள்ளே சுற்றுவதை எல்லாம் ஆள் பெயரோடு சொல்கிறான். ஒன்றுகூடத் தப்புவதில்லை.

அக்கா

*

பிப்ரவரி 12

அக்கா,

உன் விண்ணப்பத்தைப் படித்தேன். முதல் பக்கத்தில் நீ கல்யாணம் செய்துகொள்ளாத கதை. இரண்டாம் பக்கத்தில் அம்மா இறந்த கதை. மூன்றாம் பக்கத்தில் ஒரு போட்டோ. தம்பியின் வாயைத் துடைத்துவிடுகிறாய், ஆனால் உன் கண் அவன் வாயில் இல்லை, காமிராவில் இருக்கிறது. இந்த மூன்று பக்கத்தைத் தாண்டி யாரும் படித்திருக்கமாட்டார்கள். நானாக இருந்தால் முதல் பக்கத்தையே தாண்டியிருக்கமாட்டேன்.

ஒன்றைப் புரிந்துகொள். அரசாங்கம் பிச்சை போடுவதில்லை, அது ஒரு வேலையை வாங்குகிறது. அந்த வேலையை உன்னால் செய்து காட்ட முடியுமா, காட்டியதை அளக்க முடியுமா என்று பார்க்கும். உன் தியாகத்தை அளக்க அவர்களிடம் தராசு கிடையாது.

அறிவிப்பின் முதல் பக்கத்தில் எவ்வளவு தருவார்கள் என்று இருக்கும். எல்லாரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். கடைசிப் பக்கத்தில் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று இருக்கும். நீ அங்கிருந்து ஆரம்பி. எதற்கு மதிப்பெண் அதிகமோ அதைப் பற்றி அதிகம் எழுது. அவர்கள் கேட்காததை எழுதாதே. "அன்பு" என்ற சொல் உன் விண்ணப்பத்தில் எத்தனை தடவை வருகிறது என்று பார், எல்லாவற்றையும் அடித்துவிடு. யார் யார் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார்கள், யாருக்குச் சொல்லித்தர முடியும் என்று எழுது. அதற்கு ஒரு பயிற்சியாளரை வை.

மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திற. பழைய கடனை அடைக்க அதில் கை வைக்காதே. கமிட்டிக் கூட்டத்தை நிஜமாகவே கூட்டு. உன் பூட்டை ஒரு தடவையாவது "எனக்கு இது சம்மதமில்லை" என்று சொல்ல வைத்து அதைக் குறிப்பில் எழுது. எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக இருந்தால், கூட்டமே நடக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆய்வுக்கு ஆள் வந்தால் முதலில் டீயைக் கொடுக்காதே, பதிவேடுகளைக் கொடு.

கட்டணம் வாங்கமாட்டேன். வாங்கினால் நீ என் வாடிக்கையாளர் ஆகிவிடுவாய். அப்புறம் உன்னிடம் மரியாதையாகப் பேச வேண்டி வரும்.

தம்பியைப் பற்றி இனி எழுதாதே. இது வேலைக் கடிதம்.

தங்கை

*

பிப்ரவரி 26

அடி மகராசி,

நீ சொன்னபடியே செய்தேன். அன்பை எல்லாம் அடித்தேன். அடித்தபின் பார்த்தால் விண்ணப்பம் பாதியாகக் குறைந்திருந்தது. பூட்டு கூட்டத்தில் எழுந்து "எனக்குச் சம்மதமில்லை" என்றார். எதற்கு என்று டாக்டர் கேட்டதற்கு "அது தெரியாது, அம்மா சொல்லச் சொன்னாங்க" என்றார். அதைக் குறிப்பில் எழுதவில்லை, பயப்படாதே. பயிற்சிக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறேன். சின்னப் பெண்தான், ஆனால் படு சுறுசுறுப்பு. பொத்தான் போடுவதையும் பல் தேய்ப்பதையும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளக்கிறாள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வந்த நாளிலிருந்து யாருக்கும் சும்மா உட்கார்ந்திருக்க நேரமில்லை. உன் மூளைக்கு ஒரு கும்பிடு. உன் மனசைத்தான் நான் எப்போதோ தலைமுழுகிவிட்டேன்.

ஆய்வாளர் நேற்று வந்தார். பதிவேடுகளை முதலில் கொடுத்தேன். மனிதர் முகம் மலர்ந்துபோயிற்று. "இப்படி ஒரு இல்லத்தை நான் பாத்ததே இல்லம்மா" என்றார். எல்லாம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். என் முந்தானையைப் பிடித்து இழுத்து "அக்கா, மெஷின் நின்னுபோச்சு" என்றான். இங்கே மற்ற எல்லாரும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கேட்டார், இவர் யார் என்று. "என் கூடப்பிறந்த தம்பி சார், இவனுக்காகத்தான் இந்த இல்லத்தையே ஆரம்பிச்சேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நிர்வாகத்தில் இருப்பவரின் நெருங்கிய உறவினர் அதே இல்லத்தில் பயனாளியாக இருக்கக்கூடாதாம், விதியாம். "எந்தப் புண்ணியவான் சார் இப்படி ஒரு விதியைப் போட்டான்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கிறார்! "உங்களுக்குத் தெரியாதா? உங்க தங்கச்சிதாம்மா. அவங்க எங்க ஆபீஸ்ல இருந்தப்ப எழுதினது."

அந்த வரியை எழுதும்போது இவன் முகம் உனக்கு ஞாபகம் வந்ததா இல்லையா? வேறு எதுவும் எழுத வேண்டாம். அதை மட்டும் சொல்.

அக்கா

*

மார்ச் 4

அக்கா,

வந்தது.

அப்போது மானியம் வாங்கிய இல்லங்களில் பாதி, நடத்துகிறவர்களின் மாமன் மச்சான்களால் நிரம்பியிருந்தது. நடக்க முடியாதவர் என்று எழுதப்பட்டிருந்த ஒருவர் எனக்கே ஓடி வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டார். அதைத் தடுக்க ஒரு வரி தேவைப்பட்டது. எழுதினேன். உன்னையும் தம்பியையும் அது பாதிக்கும் என்று தெரிந்தேதான் எழுதினேன். நீ ஒருத்தி யோக்கியம் என்பதற்காக விதியில் ஓட்டை விட முடியாது. நீ அப்போது அரசாங்கத்திடம் போகவும் இல்லை, மில் முதலாளி இருந்தார். போன கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும், அவன் பேச்சை எடுக்க எனக்குப் பிடிக்கவில்லை.

இனி வேலையைப் பார்ப்போம். உனக்கு இரண்டு வழி.

தம்பி அந்த இல்லத்தை விட்டு வேறு இடம் போவது ஒரு வழி.

நீ நிர்வாகத்தை விட்டு விலகுவது இன்னொன்று. அந்தப் பயிற்சிப் பெண் கெட்டிக்காரி என்று நீயே எழுதுகிறாய், அவளை நிர்வாகியாக வை. நீ அதே தெருவில் ஒரு வீடு பார்த்துக்கொள். தினமும் போய் அவனைப் பார், ஊட்டிவிடு, யாரும் தடுக்கப்போவதில்லை. வீடு நம் அப்பாவுடையதுதான், அதை இல்லத்துக்கு வாடகைக்கு விட்டதாக எழுதிக்கொள்ளலாம். இதற்கான தாள்களை நானே தயார் செய்து தருகிறேன். இல்லம் நிற்கும், தம்பியும் இருப்பான். உனக்குப் போவது ஒரு நாற்காலி.

எது என்று முடிவு செய்து எழுது. நிர்வாகியின் உறவினர் யாரும் அங்கே இல்லை என்ற உறுதிமொழியை அனுப்பக் கடைசித் தேதி ஏப்ரல் நடுவில்.

தங்கை

*

மார்ச் 10

தங்கச்சி,

யோசித்துவிட்டேன். நீ அவனை வைத்துக்கொள்.

முகத்தைச் சுளிக்காமல் முழுசாகப் படி. ஒரு வருஷம் போதும். மானியம் ஒரு தடவை கைக்கு வந்து இல்லம் காலூன்றிவிட்டால் மெதுவாக வேறு ஏற்பாடு பண்ணிக்கொள்ளலாம். அவனால் உனக்குத் தொந்தரவே இருக்காது. ரொட்டியை டீயில் நனைத்துக் கொடுத்தால் தானே சாப்பிடுவான். இருட்டில் மட்டும் பயப்படுவான், ஒரு விளக்கைப் போட்டு வைத்தால் போதும். உன் வீட்டுக்காரரிடம் வேண்டுமானால் நானே பேசுகிறேன்.

அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் நம் இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு "அவனை ரெண்டு பேரும் பாத்துக்கோங்க" என்றாள். ரெண்டு பேரும் என்றாள். அன்றைக்குக் கையை உருவிக்கொண்டு போனவள்தானே நீ. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாய்! இத்தனை வருஷம் நான் ஒருத்தியே சுமந்தேன். ஒரு வருஷம் சுமந்தால் நீ தேய்ந்துபோகமாட்டாய்.

அக்கா

*

மார்ச் 17

அக்கா,

முடியாது.

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லமாட்டார், அவர் நல்லவர். அதனால் அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசு கொடுத்த அன்று நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். அவன் தெருவுக்கு ஓடிவிடாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் நீயும் போய் என் பரிசை வாங்கி வந்தீர்கள். "யாராவது ஒருத்தர் இருக்கணும்ல" என்றாள் அம்மா. அந்த யாராவது எப்போதும் நான்தான். அவனை நான் வெறுக்கவில்லை, வெறுத்திருந்தால் அதுவும் ஒரு உறவு ஆகியிருக்கும். அவன் எனக்கு யாருமில்லை. எழுதும்போது மனசு கொஞ்சம் உறுத்தும் என்று நினைத்தேன். உறுத்தவில்லை.

இரண்டாவது வழியைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டதா? எதற்கும் மறுபடி சொல்கிறேன். நீ விலகினால் யாரும் யாரையும் சுமக்க வேண்டாம்.

தங்கை

*

ஏப்ரல் 5

தங்கச்சி,

தம்பிக்கு இடம் பார்த்துவிட்டேன். நல்ல இடம், காற்றோட்டமான இடம். போன வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விட்டேன். "ரெண்டு நாள்ல வரேன்டா" என்றேன், சரி என்று தலையாட்டினான்.

நிர்வாகியின் உறவினர் யாரும் இங்கே இல்லை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டாவது வழி, மூன்றாவது வழி என்று இனி எனக்குப் பாடம் எடுக்காதே. இங்கே இருக்கும் ஆட்களுக்கு நான் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. நேற்று வந்த பெண் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிற்பாள், அவளா மூக்கைத் துடைத்துவிடுவாள்?

உன் தம்பி எந்த இடத்தில் இருக்கிறான் என்று கேட்க உனக்கு உரிமை இல்லை.

அக்கா

*

ஏப்ரல் 11

அக்கா,

நான் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டது உண்மை என்றால் சரி. இப்போது அவன் அங்கே இல்லை, அதனால் உண்மைதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை போக வேண்டும். தாமதமானால் காரணம் எழுதாதே, அறிக்கையை எழுது. வாழ்த்துகள்.

தங்கை

*

ஜூலை 22

என் ஆலோசகர் அம்மாவுக்கு,

கிடைத்துவிட்டது! கேட்டதில் ஒரு காசு குறைக்கவில்லை. டாக்டர் அழுதேவிட்டார். பூட்டு எல்லாருக்கும் சொந்தக் காசில் இனிப்பு வாங்கிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள். கூரை மாற்றியாயிற்று, சுவருக்கெல்லாம் மஞ்சள் வர்ணம். துணி துவைக்க இரண்டு புது மெஷின், வாசலில் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி சாய்தளம். பத்திரிகைக்காரர்கள் வந்து "எல்லோருக்கும் அம்மா" என்று தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறார்கள். வெட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதக் கடைசியில் திறப்பு விழா. அதிகாரிகள் எல்லாம் வருகிறார்கள். நீ வந்து முன் வரிசையில் உட்கார வேண்டும். மேடையில் உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறேன், நல்லதாகத்தான். நடந்தது நடந்துபோயிற்று. எத்தனை நாளைக்குத்தான் அக்காவும் தங்கையும் கீரியும் பாம்புமாக இருப்பது?

அக்கா

*

ஆகஸ்ட் 6

அக்கா,

விழாவுக்கு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் ஒரு காப்பகத்திலிருந்து ஆலோசனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். யாருமில்லாதவர்களுக்கான பொதுக் காப்பகம். அவர்களுக்கும் உனக்குக் கிடைத்த அதே மானியம் வேண்டுமாம். போனேன். நீளமான ஒரு கூடம், சுவரோடு சுவராக இரும்புக் கட்டில்கள், மூத்திர நாற்றம். கண்காணிப்பாளர் எனக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தார். கோடியில் ஒருவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மொட்டை அடித்திருந்தார்கள், கழுத்தெல்லாம் சொறி. "இவரு புதுசு, பேரு தெரியாது, சரியா சாப்பிடறதில்ல, வேன் வந்திடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு" என்றார்.

தாண்டிப் போய்விட்டேன் அக்கா. அடுத்த கட்டில்வரைக்கும் போய்விட்டேன். அப்புறம்தான் அந்தக் காது தெரிந்தது. அப்பாவின் காது.

எப்படி வந்தார் என்று கேட்டேன். "ரோட்ல கிடந்தாருன்னு ஒரு அம்மா வேன்ல கொண்டாந்து விட்டாங்க. யாருமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. நல்ல அம்மா, போறப்ப அவங்களுக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்றார்.

யாராவது இருப்பவர்களை அங்கே சேர்க்கமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அதனால் அவனை அநாதையாக்கிச் சேர்த்திருக்கிறாய். அவனுக்குப் பெயரைக்கூட நீ விட்டுவைக்கவில்லை. பெயர் சொன்னால் ஊர் வரும், ஊர் சொன்னால் நீ வருவாய். பெயரைக் கேட்டால் அவன் அக்கா என்கிறானாம். அதை யாரும் பெயராக எழுதிக்கொள்ளவில்லை.

அவன் எனக்கு யாருமில்லை என்று நான் எழுதினேன். அது நான் உன்னிடம் கோபத்தில் சொன்னது. நீ அதையே எழுதி முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறாய். அன்று வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். கண்காணிப்பாளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னும் வழி இருக்கிறது. நீ இந்த வாரமே நிர்வாகத்தை விட்டு விலகு. அதன்பின் அவன் உன் தம்பி என்று எழுதிக் கொடு. அவனை வேறு எங்கும் வைக்க வழியில்லாமல் தவறிச் செய்ததாக விளக்கம் எழுதலாம். எப்படி எழுதினால் ஏற்பார்கள் என்று எனக்குத் தெரியும், இதுதான் என் தொழில். மானியம் தப்பும், இல்லம் தப்பும், அவன் திரும்ப அங்கேயே வந்துவிடுவான். நீ விலகும் வரை அவனை என்னோடு வைத்துக்கொள்கிறேன்.

கெஞ்சித்தான் கேட்கிறேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 14

தங்கச்சி,

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். மார்ச் மாதம் கேட்டபோது முடியாது என்று ஒரே வார்த்தையில் எழுதியவளுக்கு ஆகஸ்டில் பாசம் ஊற்றெடுக்கிறதா? நீ அன்றைக்கே வைத்துக்கொள்கிறேன் என்றிருந்தால் நான் ஏன் அந்த வாசலுக்குப் போகிறேன்? என்னை அங்கே அனுப்பியது நீ. விதி போட்டதும் நீ, கதவை அடைத்ததும் நீ. இப்போது வாசல்படியில் உட்கார்ந்து அழுகிறாளாம்!

நான் விலகமாட்டேன். மனசில் உள்ளதையே சொல்லிவிடுகிறேன், உன்னிடம் என்ன வேஷம்? எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. அவனுக்குச் சோறு ஊட்டியே என் தலை நரைத்தது. இங்கே எல்லாரும் என்னை அம்மா என்று கூப்பிடுகிறார்கள். அதிகாரிகள் வந்தால் எழுந்து நிற்கிறார்கள். ஆயுசில் முதல் தடவையாக நான் யாரோ ஒருத்தி. அதைத் தூக்கி ஒரு சின்னப் பெண் கையில் கொடுத்துவிட்டு, தெருக்கோடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, அவனுக்கு டீயில் ரொட்டி நனைத்துக்கொண்டு உட்காரச் சொல்கிறாய். போதும். அந்த வேலையை நான் செய்து முடித்துவிட்டேன்.

அவனுக்கு என்ன தெரியும்? எங்கே வைத்தாலும் அவனுக்கு ஒன்றுதான். கொஞ்ச நாளில் பழகிக்கொள்வான்.

நீ வாயை மூடிக்கொண்டிரு. திறந்தால் ஒரு வீடு நிறைய ஆட்கள் தெருவுக்கு வருவார்கள். அந்தப் பாவம் உன் தலையில்தான்.

அக்கா

*

அக்டோபர் 3

குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பே,

திருப்தியா? மானியத்தை ரத்து செய்துவிட்டார்கள், கூடப்பிறந்தவனை அநாதை என்று எழுதிக் கொடுத்தவள் நடத்தும் இல்லத்துக்குக் கிடையாதாம். கொடுத்ததைத் திருப்பிக் கட்டச் சொல்லி ஆள் வந்துவிட்டுப் போனது. கமிட்டி கலைந்துவிட்டது. டாக்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கூட்டத்தில் சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். பூட்டுதான் எழுந்து "எனக்கு இது சம்மதமில்லம்மா" என்றார். இந்தத் தடவை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆட்களை எல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். போர்வைக்காரத் தாத்தாவை அவர் மகன் வந்து இழுத்துக்கொண்டு போனான், முன்னால் அவரை அடித்துக் கையை உடைத்த அதே மகன். படி இறங்கும்போது என்னைப் பார்த்து அம்மா அம்மா என்று கத்தினார். சிலரை அந்தக் காப்பகத்துக்கே ஏற்றினார்கள். அந்தப் பயிற்சிப் பெண் ஒவ்வொருவருக்கும் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு வேனில் ஏற்றினாள். ஒருத்தனுக்காக இத்தனை பேரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாய். நீ எல்லாம் ஒரு பெண்ணா?

காப்பகத்தில் போய் என்ன எழுதிக் கொடுத்தாய்? என்னைப் பற்றி என்னென்ன பொய் சொன்னாய்? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சரி, ஜெயித்துவிட்டாய். உன் தம்பியை நீயே வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கக் கொஞ்சு. அவனைப் பார்க்க வருகிறேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

அக்கா

*

அக்டோபர் 9

அக்கா,

உன்னைப் பற்றி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. "இவர் என் கூடப்பிறந்த தம்பி" என்று ஒரு வரி எழுதி அப்பா அம்மா பெயரையும் எழுதினேன். மற்றதை அவர்களே தேடிக்கொண்டார்கள். அந்தத் தாத்தாவைப் பற்றிப் படித்தேன். இப்படி ஆகும் என்று தெரிந்தேதான் அந்த வரியை எழுதினேன். நீ என்னைத் திட்டுவதில் தப்பில்லை.

விசாரணை முடியும் வரை விடவில்லை, நேற்றுதான் தம்பியைக் கூட்டி வரப் போனேன். கூட என் வீட்டுக்காரரும் வந்தார். புதுச் சட்டை கொண்டுபோயிருந்தேன். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. நான் கிட்டே போனதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். "நான் உன் சின்னக்காடா" என்றேன். அப்படி யாரும் அவனுக்குக் கிடையாது. "அக்கா வரும், ரெண்டு நாள்ல வரேன்னு சொல்லுச்சு" என்றான். கட்டில் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். ஆட்கள் சேர்ந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள். என் கையைக் கடித்துவிட்டான், தையல் போட்டிருக்கிறது. அப்புறம் அக்கா அக்கா என்று வீறிட ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. என் வீட்டுக்காரர்தான் "விடு, பயந்து செத்துடுவான்" என்று என்னை வெளியே கூட்டி வந்தார்.

காரில் உட்கார்ந்த பின்னும் அந்தச் சத்தம் கேட்டது. அவனுக்கு அக்கா என்றால் நீ ஒருத்திதான், அந்த இடத்தை எனக்கு எந்த அலுவலகமும் மாற்றித் தராது.

கண்காணிப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உறவுக்காரர்கள் இருப்பது தெரிந்துவிட்டதால் இனி அவனை அங்கே வைத்திருக்க முடியாதாம். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது வந்து எடுக்காவிட்டால் வாசலுக்கு வெளியே விட்டுவிடுவார்களாம்.

நீ போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா. வீடுதான் இப்போது காலியாக இருக்கிறதே.

தங்கை